மெகாட்ரான் ஒரு சுரங்கத் தொழிலாளி

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படம் ஒன்றாவது பார்த்திருந்தால் மெகாட்ரானைத் தெரிந்திருக்கும். ஆப்டிமஸ் பிரைமுக்கு எதிரே நிற்கும் வெள்ளி நிற ராட்சச ரோபாட். டிசெப்டிகான் படையின் தலைவன். சைபர்ட்ரான் கிரகத்தில் போரைத் தொடங்கி, அந்தக் கிரகத்தையே பாழாக்கி, விண்வெளி முழுக்கச் சண்டையை இழுத்துக்கொண்டு திரிந்தவன். வில்லன். சிவகாசிப் பக்கத்தில் இருக்கிற எங்கள் எம். புதுப்பட்டித் தெருவில் விளையாடுகிற பையன்களைக் கேட்டாலும் இவ்வளவுதான் சொல்வார்கள். ஆப்டிமஸாக நடிக்க நான் நீ என்று போட்டி இருக்கும். மெகாட்ரானாக நிற்க ஆளே கிடைக்காது.

எனக்கு மெகாட்ரானைத்தான் பிடிக்கும். அவன் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை, அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். நாற்பது வருஷமாக அவனுடைய கதையைப் பல பேர் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அவன் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வந்திருக்கிறான். அதை வரிசையாகச் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

அவன் பிறந்தது 1984-ல். தாய்வீடு ஜப்பான். டகாரா என்ற பொம்மைக் கம்பெனி, கைத்துப்பாக்கியாக மடங்கும் ரோபாட் பொம்மை ஒன்றை விற்றுக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி அந்தப் பொம்மையையும் அதே மாதிரி வேறு பலவற்றையும் வாங்கியது. வெறும் பொம்மையாக விற்றால் பத்தாது, கதையோடு விற்க வேண்டும் என்று மார்வெல் காமிக்ஸ்காரர்களிடம் போனது. அங்கே பாப் புடியான்ஸ்கி என்பவர்தான் பெரும்பாலான ரோபாட்களுக்குப் பெயர் வைத்து, குணம் எழுதியவர். மெகாட்ரான் என்ற பெயரைக் கேட்டதும் ஹாஸ்ப்ரோவில் தயங்கினார்களாம், கேட்கவே பயமாக இருக்கிறது என்று. வில்லன்களுக்குத் தலைவன் பயமாகத்தானே இருக்க வேண்டும் என்று அவர் சொல்ல, பெயர் நிலைத்துவிட்டது.

அந்த வருஷம் அவனுக்குக் கடந்த காலம் என்று எதுவும் கிடையாது. அவன் ஒரு துப்பாக்கி. யாராவது கையில் எடுத்தால் சுடும். சுடுவதற்கென்றே பிறந்தவனிடம் ஏன் கெட்டவனானாய் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அதே 1984-ல் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இன்னொன்றும் நடந்தது. சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1972-ல், முத்து காமிக்ஸ் இதே சிவகாசியில் இரும்புக்கை மாயாவியோடு பிறந்திருந்தது. காலண்டரும் பட்டாசுப் பெட்டி லேபிளும் அச்சாகிற ஊரில் காமிக்ஸும் அச்சானது. தமிழ்நாடு முழுக்கப் பையன்கள் காத்திருந்து வாங்கிய புத்தகங்கள் நாங்கள் பஸ் ஏறிப் போகிற தூரத்தில் தயாரானவை என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

அந்தக் காமிக்ஸ்களில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இரும்புக்கை மாயாவி முதலில் நல்லவன் கிடையாது. பிரிட்டனில் 1962-ல் 'வேலியன்ட்' இதழில் அவன் வந்தபோது, மின்சாரம் பாய்ந்து உடம்பு மறைந்து, இரும்புக் கை மட்டும் வெளியே தெரிய, குற்றங்கள் செய்தவன். பிறகுதான் அரசாங்கத்தின் உளவாளி ஆனான். நாம் கூர்மண்டையன் என்று செல்லமாகக் கூப்பிட்ட ஸ்பைடர், குற்ற உலகத்துக்கே சக்கரவர்த்தி ஆகப்போகிறேன் என்று கிளம்பியவன். போகப் போக நல்லவன் பக்கம் வந்தான். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்தான் அவனுடைய கதைகளில் பெரும்பகுதியை எழுதினார். சட்டித்தலையன் ஆர்ச்சி மட்டும் ஆரம்பத்திலிருந்தே நல்ல ரோபாட். தற்பெருமை பேசிக்கொண்டு ஊர் ஊராகச் சண்டைக்குப் போவான், அவ்வளவுதான்.

ஆக, வில்லனாகத் தொடங்கி மாறுகிற ஆட்கள் தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்குப் புதிதில்லை. ஆனால் அவர்கள் மாறியது தொடர் ஓட வேண்டும் என்பதற்காக. ஏன் கெட்டவர்களானார்கள் என்று அந்தக் கதைகள் நின்று கேட்டதில்லை. மெகாட்ரான் விஷயத்தில்தான் கேட்டார்கள். அதற்குக் கொஞ்சம் காலம் பிடித்தது.

முதல் தடயம் 1985-ன் டிவி கார்ட்டூனில் இருக்கிறது. ஓரியன் பேக்ஸ் என்று ஒரு சாதாரணத் துறைமுகத் தொழிலாளி ரோபாட். பறக்கத் தெரிந்த மெகாட்ரானைப் பார்த்து வாய் பிளந்து நிற்பான். மெகாட்ரான் அவனிடம் சிரித்துப் பேசி, கிடங்கை நோட்டம் விட்டு, பிறகு சுட்டுப் போட்டுவிடுவான். சாகக் கிடந்த ஓரியனைத்தான் ஆல்ஃபா டிரையான் என்ற முதியவர் ஆப்டிமஸ் பிரைமாகத் திரும்பக் கட்டுகிறார். இங்கே தொழிலாளி, நாயகன். மெகாட்ரான் இன்னும் வெறும் கொடியவன்தான்.

அடுத்த வருஷம் அதே கார்ட்டூன், போகிற போக்கில் பெரிய விஷயம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனது. சைபர்ட்ரான் முழுக்க முழுக்க ஒரு தொழிற்சாலையாம். க்வின்டெஸான் என்ற ஐந்து முகப் பிறவிகள் அங்கே இரண்டு விதச் சரக்கு தயாரித்து விற்றார்கள்: வீட்டு உபயோகத்துக்கு ஒரு வகை, போருக்கு ஒரு வகை. வீட்டுச் சரக்கின் வம்சம் ஆப்டிமஸ் பக்கம் நிற்கும் ஆட்டோபாட்கள். போர்ச் சரக்கின் வம்சம் டிசெப்டிகான்கள். இரண்டுமே விற்பனைக்குச் செய்யப்பட்டவை, இரண்டுமே அடிமைகள். முதலாளிகளைத் துரத்திய பிறகுதான் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள்.

பொம்மை விற்க எடுத்த கார்ட்டூனில் இது எப்படி வந்து விழுந்தது என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். போருக்கென்று செய்து விற்ற ஒருவன் போர் செய்தால் குற்றம் யாருடையது? அந்தக் கார்ட்டூன் பதில் சொல்லவில்லை. கேள்வியை மட்டும் போட்டுவிட்டு அடுத்த சண்டைக்குப் போய்விட்டது.

1986-ல் வந்த திரைப்படத்தில் மெகாட்ரான் ஆப்டிமஸைச் சாகடித்து, தானும் குற்றுயிராகிறான். அவனுடைய துணைத்தளபதி ஸ்டார்ஸ்க்ரீம் அவனை அப்படியே விண்வெளியில் தூக்கி எறிகிறான். கிரகங்களை விழுங்கும் யூனிக்ரான் அவனை எடுத்து, புது உடம்பு கொடுத்து, கால்வட்ரான் என்று பெயர் மாற்றி வேலைக்கு வைத்துக்கொள்கிறது. யூனிக்ரானுக்குக் குரல் கொடுத்தவர் ஆர்சன் வெல்ஸ். அவருடைய கடைசிப் படங்களில் ஒன்று அது. ஆள்களைத் தேய்ந்த உதிரிப்பாகமாக நினைத்து நடத்தியவனை அவனுடைய ஆளே உதிரிப்பாகமாக வெளியே வீசுகிற அந்த இடம் எனக்கு ஆப்டிமஸின் சாவைவிட அதிகம் வலித்தது. மைக்கேல் பே 2007-லிருந்து எடுத்த படங்களில் அவனுக்கு வாழ்க்கையே இல்லை. பனியில் உறைந்து கிடப்பான், எழுவான், அடிப்பான், விழுவான். அதைத் தாண்டிப் போய்விடலாம்.

உண்மையான திருப்பம் அதே 2007-ல் காமிக்ஸில் வந்தது. ஐடிடபிள்யூ என்ற பதிப்பகம் எரிக் ஹோம்ஸ் எழுதிய மெகாட்ரானின் பூர்வகதையை வெளியிட்டது. அதில் அவன் சுரங்கத்தில் தோண்டுகிறவன். சுரங்க வேலை பறிபோக, கலவரத்தில் மாட்டி, சட்டத்துக்கு ஒளிந்து நடக்கிற உயிர்ப்பலிச் சண்டைக் களத்தில் சண்டைக்காரனாகி, அங்கிருந்து படை திரட்டுகிறான். முதல் தடவையாக அவன் கையில் கருவி இருக்கிறது, அது துப்பாக்கி இல்லை.

அதன் பிறகு ஜேம்ஸ் ராபர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் வந்தார். இந்த மனிதர் பொம்மைக் கதைக்குள் இறங்கிச் செய்த வேலையைத் தமிழ் வாசகர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அவருடைய சைபர்ட்ரானில் ஒரு ரோபாட் எதுவாக உருமாறுகிறதோ அதுதான் அதன் வேலை. லாரியாக மாறினால் சுமக்க வேண்டும். தோண்டும் இயந்திரமாக மாறினால் காலம் முழுக்கத் தோண்ட வேண்டும். மைக்ரோஸ்கோப்பாக மாறினால் ஆய்வுக்கூடம். பிறந்த உருவம் தொழிலைத் தீர்மானிக்கும், தொழில் மரியாதையைத் தீர்மானிக்கும், மீறினால் தண்டனை. இதைப் படிக்கிற தமிழனுக்கு விளக்கவுரை வேண்டுமா?

அந்த உலகத்தில் மெகாட்ரான் சுரங்கத்தில் இருந்துகொண்டே எழுதுகிறான். கவிதை எழுதுகிறான், அரசியல் கட்டுரை எழுதுகிறான். பிறப்பால் தொழில் கூடாது என்று எழுதுகிறான். காவல் நிலையத்தில் அடி வாங்குகிறான். இந்தக் கதையில் அதே நிலையத்தின் காவலனாக இருக்கிற ஓரியன் பேக்ஸ், அந்த எழுத்தைப் படித்துத்தான் கண் திறக்கிறான். பின்னாளில் ஆப்டிமஸ் பிரைம் பேசுகிற சமத்துவத்துக்கு விதை போட்டவன் மெகாட்ரான். எழுத்தை விட்டு ஆயுதத்தை எடுத்தவனும் அவன்தான்.

சரி, இப்போது எங்கள் பக்கம் வருகிறேன்.

எங்கள் ஊரைச் சுற்றிக் காட்டுக்குள் பட்டாசு ஆலைகள். எங்கள் ஆட்கள் பேச்சில் 'பயர் ஆபீஸ்'. ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. ஓர் அறை வெடித்தால் பக்கத்து அறை தப்பிக்க வேண்டும் என்பதற்காக அந்த இடைவெளி. அந்த விதியை எழுதியவர்கள் ஓர் அறையில் இருப்பவர்கள் போய்விடுவார்கள் என்று கணக்கில் எடுத்துக்கொண்டே எழுதியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. அலுமினியப் பொடியில் வேலை செய்கிறவர்கள் சாயங்காலம் வேன் விட்டு இறங்கும்போது கையும் முகமும் வெள்ளியாக மின்னும். சோப்புப் போட்டாலும் ரேகைக்குள் தங்கிவிடும். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். 2023 அக்டோபர் 17-ல் எங்கள் ஊர்ப் பக்கத்து ரெங்கபாளையத்தில் பத்துக்கும் மேல், பெரும்பாலும் பெண்கள். இடையில் நடந்தவை எத்தனையோ.

இதோடு மெகாட்ரானுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 2024-ல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன்' என்ற அனிமேஷன் படம் வந்தது. ஜாஷ் கூலி இயக்கியது. அதில் மெகாட்ரானுக்குப் பெயரே கிடையாது. டி-16 என்ற நம்பர்தான். சுரங்கத் தொழிலாளி. ஓரியன் பேக்ஸ் அவனோடு ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் கூட்டாளி. சுரங்கத்துக்குள்ளே எனர்ஜான் என்ற எரிபொருளைத் தோண்டி எடுக்க வேண்டும். அது வெடிக்கிற சமாச்சாரம். படத்தின் தொடக்கத்திலேயே சுரங்கம் சரிகிறது. விதியை மீறி ஓரியன் கூட்டாளி ஒருவனைக் காப்பாற்ற, பொறுப்பில் இருந்த எலிட்டாவின் வேலை போகிறது. மேலே இருப்பவர்கள் கேட்பது உற்பத்தி எவ்வளவு என்று மட்டும்தான்.

இந்தப் படத்தை அக்கா வீட்டில் அவள் மகனோடு பார்த்தேன். அக்கா பயர் ஆபீசுக்குப் போகிறவள். வேலை முடிந்து வந்து, அரிசி களைந்துகொண்டே அரைகுறையாகப் பார்த்தவள், சுரங்கம் சரிகிற இடத்தில் கையை நிறுத்திவிட்டாள்.

"ஏன் தம்பி, இதுகளுக்குக் கூலி யாரு குடுக்கிறது?"

"கூலியெல்லாம் இல்லக்கா. நல்லா வேலை பாத்தா மேல ஏத்தி விடுவாங்கன்னு சொல்லி வச்சிருக்காங்க."

"ஏத்தி விட்டாங்களா?"

"இல்ல."

"பெறகு கோவம் வராம என்ன செய்யும்?"

மருமகன் குறுக்கே புகுந்தான். "அம்மா, அவன் வில்லன்மா. கடைசில கெட்டவனா ஆயிருவான்."

"இருடா, ஆகட்டும், பாப்போம்," என்றாள்.

படத்தில் டி-16 விதியை மீறாத பையன். தலைவன் சென்டினல் பிரைமை மனசார நம்புகிறவன். மீறுகிறவன் ஓரியன்தான். பிறகு உண்மை வெளியாகிறது. சுரங்கத் தொழிலாளிகள் உருமாறும் உறுப்பு இல்லாமலே பிறந்தவர்கள் என்று சொல்லியிருந்தார்கள். பொய். பிறந்ததும் அந்த உறுப்பை அறுத்தெடுத்தவன் சென்டினல். தோண்டி எடுத்த எனர்ஜானை க்வின்டெஸான்களுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தவனும் அவனே. நீ பிறந்ததே இதற்குத்தான் என்று சொல்லிக் கையில் கடப்பாறையைக் கொடுத்த கதை. ஓரியன் அதிர்ச்சியடைகிறான்; டி-16 உடைந்துபோகிறான். அதிகமாக நம்பியவன் அவன்தானே. அந்த நிமிஷத்திலிருந்து அவன் கண் நிறம் மாறத் தொடங்குகிறது.

இந்த இடத்தில் நம் தமிழ் ரோபாட் வில்லனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஷங்கரின் 'எந்திரன்' 2010-ல் வந்தது. சிட்டியைப் படைக்கிற வசீகரன் பத்து வருஷம் உழைப்பது, ராணுவத்துக்கு ஒரு வீரனைக் கொடுப்பதற்காக. சிட்டிக்கு உணர்ச்சி வருகிறது, காதல் வருகிறது. ராணுவத்தின் முன்னால் சுடச் சொன்னால் காதலைப் பேசுகிறது. கோபத்தில் வசீகரன் அதைக் கோடாரியால் வெட்டிக் குப்பையில் போடுகிறார். குப்பை மேட்டில் கையும் காலும் தனித்தனியாகக் கிடக்கிற சிட்டியைப் பார்த்துத் தியேட்டரில் அழுதவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் வில்லன் பிறந்தது அங்கேதான்.

ஆனால் படம் அப்படிச் சொல்லவில்லை. போரா என்ற விஞ்ஞானி ஒரு சிவப்புச் சிப்பைச் செருகுகிறார், சிட்டி கெட்டதாகிவிடுகிறது. சிப்பை எடுத்ததும் நல்லதாகிவிடுகிறது. இதுதான் எனக்கு ஆறாத குறை. செய்தவர்கள் தூக்கி எறிந்த கோபத்தை வெளியிலிருந்து செருகிய ஒரு துண்டுப் பிளாஸ்டிக்கின் தலையில் கட்டிவிட்டார்கள். கடைசியில் நீதிமன்ற உத்தரவுக்குக் கட்டுப்பட்டுத் தன்னைத் தானே கழற்றிக்கொள்கிற சிட்டியின் காட்சி எவ்வளவு உயரமானது! அந்த உயரத்துக்கு, அதன் கோபமும் சொந்தக் கோபமாக இருந்திருக்க வேண்டும்.

கோபத்தை எங்கே வைக்க வேண்டும் என்று நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் சரியாகச் சொல்லியிருக்கிறார். செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக்கின் 'ஆர்.யு.ஆர்.' நாடகம் 1921 ஜனவரியில் பிராகாவில் மேடையேறியது. உலகத்துக்கு ரோபாட்டை அறிமுகப்படுத்திய நாடகம். ஒரு தீவில் தொழிற்சாலை. அங்கே செயற்கை மனிதர்களைச் செய்து கூலி இல்லாத வேலையாட்களாகவும் சிப்பாய்களாகவும் உலகம் முழுக்க விற்கிறார்கள். அவர்கள் எழுந்து மனித இனத்தையே அழிக்கிறார்கள். ஒரே ஒருவரை மட்டும் விட்டுவைக்கிறார்கள். அல்க்விஸ்ட் என்ற கட்டடக்காரர். ஏன் அவரை விட்டார்கள் தெரியுமா? அவரும் தங்களைப் போலக் கையால் வேலை செய்கிறவர் என்பதற்காக. அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அதுக்கு வெவரம் தெரிஞ்சிருக்கு," என்றாள்.

இப்போது நான் தள்ளிவைத்த இடத்துக்கு வருகிறேன். மெகாட்ரான் எங்கே தவறினான்?

கோபப்பட்டதில் தவறவில்லை. எழுதியதில், கூட்டம் சேர்த்ததில், அறுத்தெடுத்த உறுப்பைக் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன்' படத்தில் சென்டினலை அவன் கொல்லப்போகும்போது ஓரியன் குறுக்கே பாய்ந்து குண்டைத் தாங்குகிறான். பள்ளத்தின் விளிம்பில் டி-16 அவன் கையைப் பிடிக்கிறான், பிறகு விட்டுவிடுகிறான். ஷிப்டில் தோளோடு தோள் நின்றவனை விட்ட அந்தக் கைதான் தவறு. அதன் பிறகு அவன் செய்வதெல்லாம் சென்டினல் செய்ததே: தானே தலைவன், மற்றவர்கள் படிக்கட்டு. சுரங்கத்திலிருந்து வந்தவன் நகரத்தை இடிக்க ஆரம்பிக்கிறான். அந்த நகரத்தில்தான் மற்றச் சுரங்கத் தொழிலாளிகளும் இருக்கிறார்கள். மேலே இருந்தவனைத் தள்ளிவிட்டு அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தால் சுரங்கத்தில் இருப்பவனுக்கு என்ன மாறியது?

இதை அவனுக்கு உணர்த்திய எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பிரைம்' தொடரின் முடிவாக 2013-ல் வந்த படத்தில், யூனிக்ரான் மெகாட்ரானின் உடம்புக்குள் புகுந்து அவனை ஆட்டிவைக்கிறது. தன் கை காலே தன் பேச்சைக் கேட்காத அந்த அடிமைத்தனத்தைப் பட்டறிந்த பிறகு, இனி யாரையும் ஒடுக்க எனக்கு மனமில்லை என்று படையைக் கலைத்துவிட்டுப் பறந்துபோகிறான். ராபர்ட்ஸின் கதையில் டிசெப்டிகான் சின்னத்தைக் கழற்றிவிட்டு ஆட்டோபாட்களோடு ஒரே கப்பலில் பயணம் போகிறான். அங்கே அவனை யாரும் எளிதில் மன்னிப்பதில்லை. அவனும் கேட்டு நிற்பதில்லை. கொன்றவர்களின் கணக்கு அவன் கூடவே வருகிறது. கடைசியில் திரும்பி வந்து விசாரணைக்கு நிற்கிறான். வில்லனைத் திருத்துகிற கதைகளில் இவ்வளவு நேர்மையானதை நான் படித்ததில்லை.

இத்தனை கைகள் எழுதியும் அவர்களில் ஒருவர்கூடப் பயர் ஆபீசின் ஓர் அறையில் நான்கு பேராக உட்கார்ந்தவர் கிடையாது. அந்த வெப்பமும், உராய்ந்துவிடுமோ என்ற பயத்தில் கை நிதானிப்பதும், பக்கத்து ஊரில் சத்தம் கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் யார் எங்கே வேலைக்குப் போனார்கள் என்று எண்ணிப் பார்ப்பதும் எங்களுக்குத் தெரியும். காமிக்ஸ் அச்சடிக்கத் தெரிந்த ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. இல்லாதது நம் கதைதான்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் பக்கம் எழுதுகிற, வரைகிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். பட்டாசு மருந்து கலக்கும் அறையில் மனிதர்களுக்குப் பதிலாக உட்கார வைத்த ஒரு ரோபாட்டிலிருந்து தொடங்குங்கள். அதற்கு ஒரு நம்பர் கொடுங்கள், ஒரு கூட்டாளியைக் கொடுங்கள், ஒரு நாள் உண்மை தெரியட்டும். சிவப்புச் சிப்பு மட்டும் வேண்டாம். விண்வெளிப் போருக்கு அது எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது உங்கள் பாடு. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். அக்காவுக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன்.